வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி: வில்லை எதனால் ஆனது?

அண்மைக் காலமாக நாம் செல்லும் கிராமங்களில் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கப்படுகின்றது. "வெயிலுக்குக் கறுத்து நிழலுக்கு வெளுக்கிற கண்ணாடி நல்லதோ, பாதர்?" என்பதே அது. கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்து வெளிச்சம் கூசுகின்ற பெரியவர்கள் கேட்கின்றார்கள். நாள் முழுவதும் பிறருடைய வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிற்கும் பெண்கள் கேட்கின்றார்கள். லொறி ஓட்டும் இளைஞர்களும் கேட்கின்றார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கை கறுக்குதாம், இங்கை ஏன் கறுக்குதில்லை?" என்று கேட்டவர்களும் உண்டு.

நிறம் மாறும் வில்லைகள் சாதாரண வெள்ளை வில்லைகளைவிட விலை கூடியவை. அவை இறக்குமதிப் பொருள்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததன் பின்னர் அந்த விலை இன்னும் ஏறியது. சொந்தக் காணி கையில் இல்லாமல், நாட்கூலியிலும் குத்தகை நிலத்திலும் சீவிக்கின்ற ஒரு குடும்பத்துக்கு இது சிறிய செலவன்று. ஆகவே இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் மறுமொழி கூறுவது முறையாகாது. "கறுக்கும் கண்ணாடி" என்ற ஒரே பெயரில் கடைகளில் விற்கப்படுபவை ஒரே பொருளும் அல்ல. வில்லை எதனால் செய்யப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து அது கறுக்கும் விதம், வெளுக்கும் விதம், உழைக்கும் காலம், உடையும் தன்மை யாவும் மாறுபடுகின்றன.

குழப்பம் வராதிருக்க ஒன்றை முதலில் சொல்லி விடுகின்றோம். நாம் முகத்தில் அணிவதை இங்கே மூக்குக்கண்ணாடி என்றும், அதன் பிறேமில் பூட்டியிருப்பதை வில்லை என்றும், யன்னலிலும் போத்தலிலும் உள்ள பொருளைக் கண்ணாடி என்றும் குறிப்பிடுகின்றோம். ஏனெனில் இன்று உலகெங்கும் விற்பனையாகும் மூக்குக்கண்ணாடிகளுள் பெரும்பாலானவற்றில் கண்ணாடி இல்லை, பிளாஸ்ரிக்கே இருக்கின்றது.

கண்ணாடிக்குள் வெள்ளி

வெயிலில் கறுக்கும் வில்லை முதலில் உண்மையான கண்ணாடியிலேயே செய்யப்பட்டது. அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் ஸ்ரூக்கி, வில்லியம் ஆர்மிஸ்டெட் ஆகிய இரு விஞ்ஞானிகள் 1960களின் தொடக்கத்தில் இதனைக் கண்டுபிடித்தனர். அந்தப் பத்தாண்டிலேயே அது மூக்குக்கண்ணாடியாகக் கடைக்கு வந்தது.

அவர்கள் செய்தது இதுதான். கண்ணாடியை உருக்கும்போது அதனுள் வெள்ளியின் உப்புக்களையும் மிகச் சிறிதளவு செம்பையும் சேர்த்தார்கள். பின்னர் அக்கண்ணாடியை மீண்டும் அளவாகச் சூடாக்கியபோது, வெள்ளிக் குளோரைட்டு போன்ற உப்புக்கள் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பளிங்குகளாகக் கண்ணாடி எங்கும் பரவி அமைந்தன. அவை ஒளியைத் தடுக்க முடியாத அளவு சிறியவை என்பதால் வில்லை தெளிவாகவே இருக்கும். வெயிலிலுள்ள கழியூதாக் கதிர் பட்டதும், செம்பிலிருந்து ஓர் இலத்திரன் வெள்ளிக்குத் தாவுகின்றது. வெள்ளி உப்பு வெள்ளி உலோகமாகின்றது. அவ்வணுக்கள் திரண்டு ஒளியை உறிஞ்சுகின்றன, வில்லை கறுக்கின்றது. நிழலுக்கு வந்ததும் இலத்திரன் திரும்பவும் செம்பிடம் போய்ச் சேர, வில்லை வெளுக்கின்றது.

முன்னைய காலத்துப் படச் சுருளும் இதே வெள்ளி உப்பினால்தான் வேலை செய்தது. ஆனால் படச் சுருளில் ஒருமுறை நடந்தது திரும்பி வராது. கண்ணாடியிலோ எல்லாம் உள்ளேயே சிறைப்பட்டிருப்பதால், எத்தனை ஆயிரம் தடவை கறுத்தாலும் வெளுத்தாலும் அது களைப்பதில்லை. இருபது, முப்பது வருடம் பழைய கண்ணாடி வில்லை இன்றும் ஒழுங்காகக் கறுப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். கண்ணாடி வில்லையின் பெரிய சிறப்பு இதுவே.

அதன் குறையும் அதே அமைப்பிலிருந்துதான் வருகின்றது. வெள்ளி உப்பு வில்லையின் முழுத் தடிப்பிலும் கலந்திருப்பதால், தடித்த இடம் கூடக் கறுக்கும். மெல்லிய இடம் குறையக் கறுக்கும். தூரத்திலுள்ளது தெரியாத குறும்பார்வைக்காரருக்குக் கொடுக்கப்படும் குழிவு வில்லை ஓரத்தில் தடிப்பானது. எனவே வெயிலில் நிற்கும்போது ஓரம் கறுத்து நடு வெளுத்துத் தெரியும். குவிவு வில்லையில் இதற்கு மறுதலையாக நடுப்பகுதி கறுக்கும். வலு குறைந்த வில்லையில் இது தெரியாது. வலு கூடியதில் பார்ப்பவர் எவருக்கும் தெரியும்.

பாரமும் ஒரு பிரச்சினை. ஒரு கன சென்ரிமீற்றர் கண்ணாடி ஏறத்தாழ 2.5 கிராம் நிறையுள்ளது. வில்லை செய்யும் பிளாஸ்ரிக் அதில் பாதியளவே. வியர்த்த மூக்கில் குனிந்து நாற்று நடும் ஒருவருக்கு அந்த வேறுபாடு பெரியது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி உடையும். உடைந்தால் கூராக உடையும்.

பிளாஸ்ரிக்கும் பாய் விரிக்க இடமும்

பிளாஸ்ரிக் வில்லையில் வெள்ளி வேலை செய்வதில்லை. அங்கு வேலை செய்பவை சாயங்கள். நப்தோபைரான் முதலான நீண்ட பெயர்களையுடைய இச்சாய மூலக்கூறுகள் நிழலில் மடங்கிக் கிடக்கின்றன. அப்போது அவற்றுக்கு நிறமில்லை. கழியூதாக் கதிர் பட்டதும் ஒரு பிணைப்பு அறுந்து, மூலக்கூறு திறந்து தட்டையாகின்றது. தட்டையானதும் அது ஒளியை உறிஞ்சி நிறங்கொள்கின்றது. கதிர் நின்றதும் தன்பாட்டில் மீண்டும் மடங்குகின்றது.

சுருட்டி வைத்த பாயை விரிப்பதற்கு ஒப்பானது இது. பாயை விரிக்க இடம் வேண்டும். முகாமில் ஒரே கொட்டிலில் இரண்டு குடும்பங்கள் இருந்தபோது பாய் விரிக்க இடமில்லாமல் பட்ட பாட்டை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. சாய மூலக்கூறின் கதையும் அதுதான். பிளாஸ்ரிக்கின் உள்ளமைப்பு நெருக்கமாக இருந்தால் சாயத்தால் திறக்கவும் முடியாது, மடங்கவும் முடியாது. உள்ளே சிறிது தளர்வு வேண்டும். எந்தப் பிளாஸ்ரிக் என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகின்றது.

மூக்குக்கண்ணாடியில் பயன்படும் பழைய பிளாஸ்ரிக்குகளுள் ஒன்று சி.ஆர். 39 எனப்படுவது. 1940களில் அமெரிக்காவில் உருவாகிய இப்பொருள், முதலில் குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தாங்கிகளைப் பாரம் குறைத்துச் செய்வதற்குப் பயன்பட்டது. யுத்தம் முடிந்தபின் மிஞ்சிய பொருளுக்கு வேறு வேலை தேடியபோதுதான் அது மூக்குக்கண்ணாடியாயிற்று. (விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இதனை எவ்வாறு எண்ணுவார்களோ தெரியாது. எமக்கு இது ஒரு நல்ல மாற்றமாகவே படுகின்றது.) இந்த வகைப் பிளாஸ்ரிக்கின் மேற்பரப்புக்குள் சாயத்தைச் சூட்டினால் ஊறச் செய்யலாம். ஊறும் ஆழம் 0.15 மில்லிமீற்றர் அளவே. சாதாரண சி.ஆர். 39 இறுக்கமாக இருந்ததால், அதனைச் சற்றுத் தளர்த்தி மாற்றிய பிளாஸ்ரிக்குகளை இதற்கெனவே செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ட்ரான்சிஷன்ஸ் என்ற பெயருடன் சந்தைக்கு வந்து வெற்றி பெற்ற வில்லைகள் இவ்வகையின. சாயம் முன்பக்கத்தில் ஒரே அளவான மெல்லிய படையாக இருப்பதால், வில்லை தடிப்பானாலும் மெல்லியதானாலும் ஒரே சீராகக் கறுக்கும். கண்ணாடி வில்லையின் "ஓரம் கறுப்பு" என்ற குறை இங்கே இல்லை.

பொலிகாபனேற் என்பது வேறு பிளாஸ்ரிக். இதன் நிறை இன்னும் குறைவு. கன சென்ரிமீற்றருக்கு 1.2 கிராம். அடித்தாலும் இலகுவில் உடையாது. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணியிலுள்ளோர் முகத்தின் முன்னால் அணியும் மறைப்பு இந்தப் பொருளினாலானதே. அதன் தடிப்பு 5 மில்லிமீற்றர். எமது பெண்கள் பலர் அதனை அணிந்து வேலை செய்திருக்கின்றார்கள். ஆனால் பொலிகாபனேற்றின் உள்ளமைப்பு நெருக்கமானது. சாயம் உள்ளே ஊறாது. சாயத்தைக் கலந்து வார்க்கலாம் என்றால், பொலிகாபனேற்றை உருக்கி அச்சில் செலுத்த ஏறத்தாழ 300 பாகை வெப்பம் வேண்டும். அச்சூட்டில் சாயம் அழிந்துபோகும். ஆகவே வில்லையைச் செய்து முடித்தபின், சாயம் கலந்த ஒரு தனிப் பூச்சை அதன் முன்பக்கத்தில் பூசி இறுக வைக்கின்றார்கள். வலு கூடியவர்களுக்கென மெல்லிதாகச் செய்யப்படும் 1.67, 1.74 எனும் இலக்க வில்லைகளுக்கும் பெரும்பாலும் இதே முறைதான். ட்ரைவெக்ஸ் என்று இன்னொன்று 2000களின் தொடக்கத்தில் வந்தது. பாரம் மிகக் குறைந்தது, பொலிகாபனேற் போல் உடையாதது. விலையோ கூட.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கறுக்கும் வில்லைகளுள் பல 1.56 என்ற இலக்கமுடையவை. இவற்றில் சாயம் பிளாஸ்ரிக் முழுவதிலும் கலந்து வார்க்கப்பட்டுள்ளது. குறைந்த வலுவுக்கு இவை போதும். வலு கூடினால் நிறத்தில் சிறிய ஏற்றத்தாழ்வு தெரியலாம்.

ஆரம்ப காலத்தில் பொலிகாபனேற் வில்லை குறையக் கறுக்கும், சி.ஆர். 39 கூடக் கறுக்கும் என்பார்கள். பூச்சு முறை வந்தபின் அந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது. பாய் இப்போது விரிக்கப்படுவது வில்லைக்குள் அல்ல, அதன்மேல் தனியாகக் கட்டிய திண்ணையில். ஆகவே பிளாஸ்ரிக்குகளுக்குள் எது கூடக் கறுக்கும் என்பதைவிட, சாயமும் பூச்சும் எத்தகையவை என்பதே இன்று கூடுதலாக முடிவு செய்கின்றது. அடியிலுள்ள பிளாஸ்ரிக் முடிவு செய்வது உடைவதையும், கீறுவதையும், பாரத்தையும்.

வெக்கை செய்யும் வேலை

எமது பகுதியில் வாங்குபவர் எவரும் கட்டாயம் அறியவேண்டியது இனி வருவது. கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாததும் இதுவே.

வில்லையைக் கறுக்கச் செய்வது கழியூதாக் கதிர். வெளுக்கச் செய்வதோ வெப்பம். இரண்டும் எந்நேரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. குளிரில் வெப்பத்தின் இழுவை குறைவு. வில்லை நன்றாகக் கறுக்கும். வெக்கையில் சாயம் திறக்கத் திறக்க மறுபக்கம் மடங்கிக்கொண்டே இருக்கும். வில்லை அரைகுறையாகவே கறுக்கும். பனி மூடிய நாட்டில் மாரிகாலத்து வெயிலுக்குக் கரி போலாகும் அதே வில்லை, சித்திரை மாதத்து வவுனியாவில் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள உறவினர் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய காலநிலை வேறு.

இது கண்ணாடி வில்லைக்கும் பொருந்தும், பிளாஸ்ரிக் வில்லைக்கும் பொருந்தும். ஆயினும் வெக்கையால் கூடப் பாதிக்கப்படுவது பிளாஸ்ரிக்கிலுள்ள சாயமே. கண்ணாடியிலுள்ள வெள்ளி சற்றுத் தாக்குப்பிடிக்கும். இவ்வில்லைகளைச் சோதிக்கும் சர்வதேசத் தரநியமம் 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே கறுப்பை அளக்கச் சொல்கின்றது. வெப்பத்தின் விளைவை அறிய 5 பாகையிலும் 35 பாகையிலும் அளந்து பார்க்கும் முறையும் அதில் உண்டு. விளம்பரத்திலுள்ள படமும் இலக்கமும் எந்த வெப்பநிலைக்குரியவை என்று ஒருவரும் கேட்பதில்லை. எமது வயலில் பதினொரு மணிக்கே 30 பாகை தாண்டிவிடுகின்றது. வியர்க்கும் முகத்தோடு ஒட்டியிருக்கும் வில்லை அதற்கும் மேலே சூடேறுகின்றது.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடம் மாறி, இன்றும் பிறர் காணியில் குத்தகைக்குச் செய்கை பண்ணும் ஒரு பெரியவர் எம்மிடம் வந்தார். கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வெயில் கூசியதால், மனைவியின் தோட்டை அடகு வைத்து நிறம் மாறும் வில்லை போட்டிருந்தார். நல்ல வகைப் பொலிகாபனேற்; மேலே பூச்சு. "முழுக் கறுப்பாய் வரும்" என்று விற்றவர் சொன்னாராம். தோட்டத்தில் மத்தியானம் பார்த்தால் இலேசான நிறம் மட்டுமே. திரும்பக் கடைக்குப் போனால், உள்ளே ரியூப் லைற் வெளிச்சத்தில் வில்லை வெள்ளையாகவே இருக்கின்றது; சாமானில் பிழையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றே அவர் நம்பினார். அன்று மீன் வியாபாரி ஒருவர் வாசலில் நின்றார். அவருடைய பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்துப் பொலித்தீனில் சுற்றி, இரண்டு வில்லைகளுள் ஒன்றின்மேல் சிறிது நேரம் வைத்தோம். பின் ஈரத்தைத் துடைத்து இரண்டையும் வெயிலில் பிடித்தோம். குளிர்ந்த வில்லை மற்றதைவிட நன்றாகக் கறுத்தது. பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப இது குளிர் நாட்டுச் சாமான், பாதர்" என்றார். வில்லை பழுதானதல்ல. சொல்லி விற்ற விதந்தான் பழுது. இப்போது அவர் அதே மூக்குக்கண்ணாடியோடு அகன்ற பனையோலைத் தொப்பியும் போட்டுக்கொள்கின்றார். கூச்சம் தாங்கக்கூடியதாக இருக்கின்றதாம். தோடு இன்னும் மீட்கப்படவில்லை.

வெக்கையால் ஒரு நன்மையும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். வெப்பம் வெளுக்கச் செய்வதால், எமது நாட்டில் வில்லை விரைவாக வெளுக்கும். கறுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். வெளுப்பதற்குச் சில நிமிடங்கள் செல்லும். குளிர் நாட்டில் இன்னும் நேரமெடுக்கும். எவ்வாறாயினும் வெயிலிலிருந்து இருண்ட வீட்டுக்குள்ளோ நெல் களஞ்சியத்துக்குள்ளோ நுழையும்போது ஒரு கணம் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நல்லது. படியும் தெரியாது, பாம்பும் தெரியாது.

மப்பு நாளிலும் இவ்வில்லை கறுக்கும், ஏனெனில் கழியூதாக் கதிர் முகிலூடாகவும் வருகின்றது. ஆனால் வாகனத்துக்குள் கறுக்காது. லொறி, கார் முதலியவற்றின் முன்கண்ணாடி இரண்டு தகடுகளின் நடுவே பிளாஸ்ரிக் படலம் வைத்துச் செய்யப்பட்டது. அது கழியூதாக் கதிரை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். எனவே பகல் முழுதும் ஓட்டுகின்ற சாரதி ஒருவர் இதற்குப் பணம் கொடுப்பது வீண். கட்புலனாகும் ஒளிக்கும் கறுக்கக்கூடிய புதிய வகைகள் உண்டு. அவை விலை கூடியவை, வீட்டுக்குள்ளும் சிறிது நிறம் எஞ்சியிருக்கும். சாரதிக்குப் பகலுக்கென ஒரு நிரந்தர நிறக் கண்ணாடி போதும். இரவில் நிறமுள்ள எதையும் போட்டு ஓட்டக்கூடாது. இருசில் உழவு இயந்திரம் ஓட்டுபவர் திறந்த வெளியில் இருப்பதால் அவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

உடைதல், கீறல், முதுமை

கமக்காரரின் கண்ணுக்கு வெயிலைவிட உடனடியான ஆபத்து வேறு. அரிவி வெட்டும்போது நெற்றாள் கண்ணில் குத்துவது, சூடு அடிக்கும்போது சப்பியும் தூசும் பறப்பது, புல் வெட்டும் இயந்திரம் கல்லைத் தெறிப்பது ஆகியவை அவை. தாவரம் குத்திய காயத்தினூடாகப் பங்கசு புகுந்து கருவிழி புண்ணாகிப் பார்வை போனவர்கள் உண்டு. இந்த இடத்தில் வில்லை கறுக்கின்றதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு கண்ணில் மட்டும் பார்வையுள்ளவருக்கும், பிள்ளைகளுக்கும், இயந்திரத்தோடு வேலை செய்பவருக்கும் பொலிகாபனேற் அல்லது ட்ரைவெக்ஸ் என்றே நாம் சொல்வோம். அது கறுக்காத வெள்ளை வில்லையாக இருந்தாலும் பரவாயில்லை. அத்தோடு பொலிகாபனேற் எந்த நிறமும் இல்லாமலே கழியூதாக் கதிரை மறித்துவிடும். கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்கும், கண்புரையின் சில வகைகளுக்கும் அக்கதிர் ஒரு காரணம் என்பதால், அந்தப் பாதுகாப்பு வெறும் கூச்சத்தைத் தணிப்பதைவிட முக்கியமானது. தெருவோரத்தில் விற்கும் கறுப்புக் கண்ணாடி கதிரைத் தடுக்காததாயின், அது இல்லாததைவிடக் கூடாது. இருட்டென்று கண்மணி அகலத் திறக்கும். கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

பொலிகாபனேற்றுக்கும் பலவீனம் உண்டு. அது மென்மையானது, இலகுவில் கீறுப்படும். மேலே கடினப் பூச்சு இருந்தாலும், மணலும் தூசும் ஒட்டிய வில்லையைச் சாரத்தின் தலைப்பால் வறட்டிலே துடைத்தால் சில மாதங்களில் மங்கிவிடும். கீறலைத் தாங்குவதில் கண்ணாடி முதலாவது, சி.ஆர். 39 அடுத்தது. கறுக்கும் பொருள் மேற்படையில் மட்டும் இருப்பதால், ஆழமாகக் கீறிய இடத்தில் நிறமும் போய்விடும். தண்ணீரை ஊற்றித் தூசைக் கழுவி, ஒரு துளி சவர்க்காரத்தால் விரலால் தடவி, பின் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் படக்கூடாது. பொலிகாபனேற் வெடித்து வலை போலாகும். பூச்சிநாசினி தெளிக்கும்போது வில்லையில் தெறித்தால் வேலை முடிந்தவுடன் கழுவிவிடுங்கள். மருந்தைக் கரைத்திருக்கும் திரவங்களும் அதனை அரிக்கக்கூடியவை.

பிளாஸ்ரிக்கிலுள்ள சாயம் முதுமை அடையும். நாள்தோறும் வெயிலில் திறந்து மடங்கி, இரண்டு மூன்று வருடங்களில் களைத்துப் போகும். முன்போல் கறுக்காது, நிழலிலும் இலேசான மஞ்சள் தங்கும். எமது வெயிலுக்கு அது விரைவிலும் வரலாம். கண்ணாடி வில்லைக்கு இப்படிக் களைப்பில்லை என்பதை மேலே சொன்னோம். இதனால் எழும் ஒரு நடைமுறைச் சிக்கல் எமது குடும்பங்களை அடிக்கடி வருத்துகின்றது. ஒரு வில்லை உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவதே எமது வழக்கம். கறுக்கும் வில்லையில் அது சரிவராது. பழையது ஒரு நிறமாகவும் புதியது ஒரு நிறமாகவும் நிற்கும். இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டி வரும் என்பதை வாங்கும்போதே கணக்கில் எடுக்கவேண்டும். வெள்ளை வில்லையென்றால் ஒன்றை மாற்றினால் போதும்.

வெளிநாட்டுப் பங்குகளிலிருந்து பழைய மூக்குக்கண்ணாடிகள் பெட்டி பெட்டியாக அனுப்பப்படுவதும் உண்டு. அனுப்புவோரின் நல்ல மனதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒருவருக்கென அளந்து செய்த வில்லை இன்னொருவருக்குப் பொருந்துவது அரிது. அவற்றில் கறுக்கும் வகையைக் கண்டால் பலரும் அதனையே விரும்பி எடுக்கின்றார்கள், வலு சரியோ பிழையோ. வலு பொருந்தாத கண்ணாடி தலையிடியையும் தலைச்சுற்றையுமே தரும். முதலில் அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் கண்ணைச் சோதித்து, எழுதித் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதற்குப் பணமில்லை.

கண் பழுதானால் குடும்பம் முழுவதும் தள்ளாடும். தோபித்து நூலில் வரும் தோபித்தும் நினிவேக்கு நாடு கடத்தப்பட்ட ஒருவரே. அவருடைய பார்வை போனதும், மனைவி அன்னா நெசவு வேலைக்குக் கூலிக்குப் போக நேர்ந்தது. எமது முகாம்களிலும் அப்படிப்பட்ட அன்னாக்களை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலால் கண்ணுக்குச் செலவழிப்பதை ஆடம்பரம் என்று நாம் நினைக்கவில்லை. எதற்குச் செலவழிப்பது என்பதே கேள்வி.

வாங்குவதென்றால்

காலை முதல் மாலை வரை வெளியிலேயே நிற்பவருக்குக் கறுக்கும் வில்லை அவசியமில்லை. அவர் எந்நேரமும் வெளிச்சத்தில் இருப்பதால் நிறம் மாறவேண்டிய தேவை இல்லை. கழியூதாக் கதிரைத் தடுக்கும் நிரந்தர நிற வில்லை மலிவானது. வெக்கைக்கும் அது வெளுக்காது. உப்பளத்தில் வேலை செய்வோருக்கும், கடலில் போவோருக்கும் இதுவே நல்லது. அகன்ற தொப்பி எல்லோருக்கும் வேண்டும். பக்கத்தாலும் மேலாலும் வரும் ஒளியை எந்த வில்லையும் தடுக்காது. கறுக்கும் வில்லையால் உண்மையில் பயனடைபவர், வெளியேயும் உள்ளேயும் மாறி மாறிப் போய்வருபவர்: பாடசாலை ஆசிரியை, கடை வைத்திருப்பவர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்பவர், சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டோடு இருந்து இடையிடையே முற்றத்துக்கு வருகின்ற முதியவர். எந்நேரமும் மூக்குக்கண்ணாடி போடவேண்டிய வலுவுள்ளவர் இரண்டு சோடி வாங்குவதற்குப் பதிலாக இந்த ஒன்றோடு சமாளிக்கலாம்.

அப்படி வாங்குவதென்றால் கேட்கவேண்டியவை: வில்லை கண்ணாடியா, சி.ஆர். 39 ஆ, 1.56 ஆ, பொலிகாபனேற்றா? நிறம் உள்ளே கலந்ததா, மேலே பூசியதா? எத்தனை வருட உத்தரவாதம், அது நிறத்துக்கும் சேர்த்தா? பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணாடியையும் பிளாஸ்ரிக்கையும் நீங்களே அறியலாம். நகத்தால் தட்டினால் கண்ணாடி கிண்ணென்று ஒலிக்கும். உதட்டில் வைத்தால் குளிரும்.

கறுக்கின்றதா என்று பார்க்கக் கடைக்குள் நின்று பயனில்லை. ஒரு சிறிய இலையை, வேப்பிலை போதும், வில்லையின் மேல் வைத்து வெளியே வெயிலில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பின் இலையை எடுத்து, வில்லையை வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். இலை இருந்த இடம் வெள்ளையாகவும், மற்ற இடம் நிறமாகவும் இருக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் தோட்டத்தில் கிடைக்கப்போகும் நிழல். இரண்டு வில்லைகளையும் இப்படிப் பார்த்து, ஒரே நிறமா என்று ஒப்பிடுங்கள். காலையில் குளிரோடு போய்ப் பார்த்தால் வில்லை உள்ளதைவிட நன்றாகத் தெரியும். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், வெக்கை ஏறிய நேரத்தில் போங்கள்.